வெயிலுக்கு ஒரு வேலை, மழைக்கு ஒரு வேலை

நான் குன்னூர்ப் பெண். கணவரின் வேலை காரணமாகக் காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூருக்குக் குடிவந்தபோது, பரிதாபப்படாதவர்கள் குறைவு. "குன்னூர்ல பொறந்து வளந்த பொண்ணா? இந்த வெயில்ல எப்படிம்மா தாங்குவ?" என்று பால்காரர் முதல் மளிகைக்கடை அண்ணன் வரை கேட்டார்கள். குளிர்ந்த ஊரில் இருப்பவர்கள் எப்போதும் சந்தோஷமாக இருப்பார்கள் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நாள் கணக்கில் சூரியனே கண்ணில் படாது. துவைத்த துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி அம்மா காயப்போடுவார். பள்ளிக்கூடச் சீருடையில் எப்போதும் புகை வாசனை. அரிசி டப்பாவில் ஈரம், சுவரில் பூஞ்சை, மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும். "ஒரு நாளாவது சுள்ளுனு வெயில் அடிக்காதா" என்பதுதான் எங்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு. மே மாதம் கீழே இருந்து வருகிற சுற்றுலாக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கொடுத்துவைத்தவர்கள் என்பார்கள். நாங்கள் அவர்கள் ஊர் வெயிலை நினைத்து ஏங்கிக்கொண்டிருப்போம்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரண்டு பேர் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் வருடம் முழுக்க இதமான வெயில். நடு அமெரிக்க மாநிலங்களில் குளிர்காலம் கடுமையானது. இரண்டு பக்கத்துக் கல்லூரி மாணவர்களிடமும் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்திதான். ஆனால் "உன்னைப் போன்ற ஒருவர் இந்தப் பக்கத்திலோ அந்தப் பக்கத்திலோ இருந்தால் எப்படி இருப்பார்" என்று கேட்டபோது, கலிபோர்னியாக்காரர்தான் அதிக சந்தோஷமாக இருப்பார் என்று இரு தரப்புமே சொன்னது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஊரின் வானிலை பெரிதாகத் தெரிகிறது. உள்ளே வாழ்கிறவருக்கு வேலை, சொந்தம், உடம்பு, கடன் என்று நினைக்க ஆயிரம் இருக்கிறது. கானமன் பின்னால் 2002-இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கினார். எனக்கு அவர் சொன்னது குன்னூரிலும் கோட்டையூரிலும் நேரில் பார்த்த உண்மை.

அப்படியானால் வானிலை ஒரு பொருட்டே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். சித்திரையில் நாற்பது டிகிரியைத் தொடுகிற வெயிலை "மனசை மாத்திக்கிட்டா போதும்" என்று சொல்லிக் கடக்க முடியாது. இங்கே வந்து நான் தெரிந்துகொண்டது வேறு. வானிலையைப் பொறுத்துக்கொண்டு உட்காராமல், அதற்கென்று ஒரு நேரமும் ஒரு வேலையும் கொடுத்துவிடுவது. செட்டிநாட்டுக்காரர்கள் இதைப் பல தலைமுறையாகச் செய்கிறார்கள். அவர்கள் கட்டின வீடே அப்படித்தான் இருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. முன்பக்கம் வீட்டுக்கார ஆச்சி இருக்கிறார். முகப்பைத் தாண்டினால் வளவு. வளவுக்கு நடுவே வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம். அதற்குப் பின்னால் அடுத்த கட்டு, அடுப்படி, தோட்டம். முன்வாசலில் நின்றால் கதவுக்கு நேர் கதவாகப் பின்வாசல் வரை பார்வை போகும். வந்த புதிதில் எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. வெயில் கொளுத்துகிற ஊரில் வீட்டுக்கு நடுவில் கூரை இல்லாமல் ஏன் விட்டார்கள்? இருந்து பார்த்தால்தான் புரிகிறது. சூடான காற்று மேலே ஏறி முற்றத்தின் வழியாக வெளியே போய்விடும். ராத்திரி குளிர்ந்த காற்று அதே வழியாக இறங்கும். சுவர் கனம். வெயில் பட்ட சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு தொட்டால் சில்லென்று இருக்கும். தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையாலேயே செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. மத்தியானம் தலையணை ஒன்றைப் போட்டுக்கொண்டு அதன் மேல் வெறுமனே படுத்துப் பாருங்கள். மெத்தையில் வராத தூக்கம் வரும்.

ஆனால் வீடு தானாகக் குளிர்ந்துவிடாது, அதை ஓட்டத் தெரிய வேண்டும். ஆச்சியிடம் நான் கற்ற முதல் பாடம் அது. பங்குனி பிறந்துவிட்டால் விடியற்காலை எல்லாக் கதவும் சன்னலும் திறந்திருக்கும். வெயில் ஏறி ஒன்பது மணி ஆனதும் வெயில் படுகிற பக்கத்துச் சன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்படும். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர் எதிர்: காலையில் கொசுவுக்குப் பயந்து மூடிவைத்து, மத்தியானம் காற்று வரட்டும் என்று திறந்துவிடுவது. வருவது அனல். பொழுது சாய்ந்து, வெளிக்காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடக் குளிர்ந்ததும் ஆச்சி மறுபடி திறப்பார், முற்றத்தில் நாலு வாளித் தண்ணீர் தெளிப்பார். கொசுவலை போட்டுக்கொண்டால் ராத்திரி முழுக்கத் திறந்தே வைக்கலாம். மின்விசிறியைப் பற்றியும் ஒன்று: அறைக்காற்று நம் தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால், அதாவது முப்பத்தைந்து டிகிரிக்கு மேலே போய்விட்டால், விசிறி சூட்டைத்தான் அள்ளி வீசும். அப்போது கழுத்தையும் கையையும் ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு விசிறிக்கு முன்னால் உட்கார வேண்டும். ஈரம் காயும்போதுதான் உடம்பு குளிரும்.

இரண்டாவது, நேரத்தை மாற்றிக்கொள்வது. என் மனநிலையை மாற்றியது உண்மையில் இதுதான்.

நான் வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். குன்னூர்ப் பழக்கப்படி ஏழு மணிக்கு எழுந்து, பத்து மணிக்கு மேசையில் உட்கார்ந்தால் இங்கே என்ன ஆகும்? மூளை உருகுகிற நேரத்தில் ஜிஎஸ்டி கணக்கு. எதைத் தொட்டாலும் எரிச்சல். பிள்ளையின் மேல் பாய்வேன். ஆச்சி ஒரு நாள் பின்கட்டுக்கு வந்து, "ஏம்மா, வெயில் வர்ற நேரத்துல வேலையையும் வரச் சொன்னா ரெண்டும் ஒன்ன அடிக்கத்தானே செய்யும்?" என்றார். இப்போது நாலரைக்கு எழுகிறேன். ஐந்து முதல் ஒன்பது வரை கணக்கு. நடுவே அரை மணி வெளியே இறங்கி வாசல் தெளித்துக் கோலம், ஊரணிக் கரை வரை ஒரு நடை. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் சரியாக ஓடும் என்கிறார்கள் மருத்துவர்கள்; ராத்திரித் தூக்கம் காலையிலேயே தொடங்குகிறது. சமையல் பத்து மணிக்குள் முடியும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை தரையில் படுக்கை, படிப்பு, பயறு ஆய்வது போல உட்கார்ந்த வேலை. ஐந்து மணிக்கு மேல் மறுபடி உயிர் வரும். கடைத்தெரு, கோயில், திண்ணைப் பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு இது முழுதாக முடியாது என்று தெரியும். முடிந்தவரை கடினமான வேலையைக் காலைக்குத் தள்ளுங்கள். கோபம் வரக்கூடிய பேச்சு எதையும், பிள்ளையின் மதிப்பெண்ணோ மாமியார் வீட்டு விஷயமோ, வெயில் நேரத்தில் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இது இப்போது சட்டம். ஆறு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் அதே விஷயம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

தூக்கத்துக்கும் இதில் பெரிய பங்கு. உடம்பின் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். வெக்கையான ராத்திரியில் அது இறங்குவதில்லை, மறுநாள் எல்லோரும் சிடுசிடுவென்று இருக்கிறோம், பழி மட்டும் வெயிலுக்குப் போகிறது. படுக்கும் முன் குளியல், மொட்டைமாடியில் கோரைப்பாய், மெல்லிய பருத்தித் துணி. இவ்வளவு போதும்.

சரி, இதெல்லாம் தாங்குவதற்கான வழி. சந்தோஷம் எங்கே வருகிறது? வத்தலில் வருகிறது.

அக்னி நட்சத்திரம் மே மாதத் தொடக்கத்தில் ஆரம்பித்து மாதக் கடைசி வரை போகும். மற்றவர்கள் அதை நினைத்துப் பயப்படுகிற நேரத்தில் ஆச்சி அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார். முதல் நாளே அரிசி ஊறும். அரைத்து, உப்பு, பச்சைமிளகாய், சீரகம், பெருங்காயம் போட்டுக் கூழாகக் கிண்டி, விடிவதற்குள் மொட்டைமாடிக்கு ஏற்றியாக வேண்டும். வெள்ளை வேட்டியை நனைத்து விரித்து, கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றுவோம். இரண்டு வீட்டுப் பெண்கள், லீவில் வந்த பேரப்பிள்ளைகள், காக்கை விரட்ட ஒரு கம்பு. கூழை வழித்து வழித்துத் தின்பதற்கென்றே பிள்ளைகள் அந்த நேரத்துக்கு எழுந்து வருவார்கள். சாயங்காலம் துணியைத் திருப்பி, பின்புறம் தண்ணீர் தெளித்தால் வத்தல் தானாகக் கழன்று வரும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நல்ல வெயில் வேண்டும். முதன்முதலாக நான் "இன்னிக்கு வெயில் பத்தலையே" என்று சொன்னது அந்த மாடியில்தான். சொன்ன பிறகு எனக்கே வியப்பாக இருந்தது. எதை எதிரியாக நினைத்தேனோ அதை எதிர்பார்த்து நிற்கிறேன்.

கூழ் வத்தலோடு முடியாது. மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் காயவைத்த மாவத்தல், கத்தரிக்காய், கொத்தவரங்காய், அவரைக்காய், சுண்டைக்காய், மோர்மிளகாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம். மோர்மிளகாய் ராத்திரி மோரில் ஊறிப் பகலில் காய்ந்து, மறுபடி மோருக்குள் போகும். இந்த வேலை நடக்கிற வாரங்களில் வெயிலைப் பற்றி யாரும் புலம்புவதில்லை. ஆச்சிக்கு இதில் ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. "வெக்கையா இருக்கு" என்று யாராவது ஒரு தடவை சொன்னால் "ஆமாம்" என்பார். இரண்டாவது தடவை சொன்னால் கையில் ஏதாவது வேலையைக் கொடுப்பார். புலம்பல் ஒரு வீட்டில் ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் தொற்றும். அதை நிறுத்த இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

கோடைக்கென்றே இருக்கிற மற்ற சுகங்களையும் விடக் கூடாது. நுங்கு, பதநீர், மண்பானையில் வெட்டிவேர் போட்ட தண்ணீர், பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிடுவது. இவை மார்கழியில் ருசிக்காது. நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு தமிழ் மாதத்துக்கும், அந்த மாதத்தில் மட்டும் கிடைக்கிற சந்தோஷம் என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். ஆடிக்குக் கும்மாயம்: உளுந்தும் பயறும் வறுத்துத் திரித்து, கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது. மார்கழிக்குப் பிள்ளையார் நோன்பு. கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொரு நாள் கழித்து நகரத்தார் வீடுகளில் இழை எடுப்பார்கள். அந்த இழையை, அதாவது மாவில் வைத்த திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதை என் மகன் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். தைக்குப் பூசக் காவடி. குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குப் பனி ஒரு தடையே இல்லை. நோட்டு எழுதுவது சின்ன விஷயம்தான். ஆனால் மாதம் பிறக்கும்போது "ஐயோ, வந்துடுச்சா" என்பதற்குப் பதில் "இந்த மாதம் என்ன இருக்கு" என்று பக்கத்தைத் திருப்புகிறேன்.

மழைக்கு வருவோம். இங்கே பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும். வளவு வீட்டில் மழை என்றால் அது வீட்டுக்குள் நடப்பது. நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டும். முதல் மழையை ஓட்டைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு அண்டா, குடம், தவலை எல்லாவற்றையும் வரிசையாக வைப்போம். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும், தலைக்குக் குளித்தால் முடி பூப்போல இருக்கும். மிச்சம் ஊரணிக்குப் போகிறது. பெரிய ஆறு இல்லாத இந்தச் செம்மண் பூமியில் ஊருக்கு ஊர் ஊரணி வெட்டி, அதற்கு வரத்துக்கால் விட்டு வாழ்ந்திருக்கிறார்கள். அதனால் இங்கே மழையை யாரும் மோசமான வானிலை என்று சொல்லி நான் கேட்டதில்லை. குன்னூரில் மழை நின்றால் நிம்மதி. இங்கே மழை விட்டதும் குடையை மடக்கிக்கொண்டு ஊரணி எவ்வளவு நிறைந்தது என்று பார்க்கக் கிளம்புகிறார்கள். நானும் போகிறேன். எத்தனை படி முங்கியிருக்கிறது என்று எண்ணி வந்து ஆச்சிக்குச் சொல்வது என் மகனின் வேலை.

மழை விடாத அந்த நாட்களில்தான் சித்திரையில் காயவைத்ததெல்லாம் அடுப்புக்கு வரும். அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, வத்தல், மாவத்தல் போட்டுக் கொதிக்கவிடுகிற மண்டி. கூடவே கூழ் வத்தல் பொரித்தது. மே மாத வெயில் கார்த்திகையில் தட்டில் வந்து உட்கார்கிறது. காய்கறிக்காரர் வராவிட்டாலும் கவலை இல்லை. மழை நாளில் மனம் சோர்கிறவர்களுக்கு நான் சொல்வது: மழைக்கென்று ஒரு சாப்பாடு, மழைக்கென்று ஒரு கைவேலை, மழை விட்டதும் ஒரு நடை. குன்னூரில் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க உள்ளேயே இருந்தோம். வெளிச்சமும் இல்லை, நடையும் இல்லை, மனம் மந்தமாகாமல் என்ன செய்யும்? மேகமூட்டமான பகலில்கூட வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். சன்னலோரமாவது நாற்காலியைப் போட்டு உட்காருங்கள்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஆவணிப் புழுக்கம்தான். மழை வருவது போல இருட்டிக்கொண்டு வராமல் போகும். வியர்வை காயாது. அந்த நாட்களில் பெரிய திட்டம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு தடவை குளியல், நீர்மோர், சீக்கிரம் படுக்கை.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நான் சொல்கிற இதெல்லாம் மத்தியானம் வீட்டுக்குள் படுக்க முடிகிறவர்களுக்கு. சாலை போடுகிறவர்கள், கொத்தனார், சித்தாள், ஆத்தங்குடிக் கல் சுமக்கிறவர்கள், பனையேறிகள் ஆகியோருக்கு வெயில் மனநிலைப் பிரச்சினை இல்லை, உடம்புக்கு வருகிற ஆபத்து. உங்கள் வீட்டில் கட்டட வேலை நடந்தால் ஆறு மணிக்குத் தொடங்கி, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிறுத்தச் சொல்லுங்கள், கூலியைக் குறைக்காமல். உப்புப் போட்ட மோரும் நிழலும் கொடுங்கள். யாருக்காவது தலைசுற்றி, பேச்சுக் குழறி, உடம்பு கொதித்தால் நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். மயக்கமாக இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

என் தங்கை சென்னையில் மூன்றாவது மாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். "உனக்கு வளவு இருக்கு, முற்றம் இருக்கு. எனக்கு என்னக்கா இருக்கு?" என்று கேட்டாள். பால்கனி இருக்கிறதே என்றேன். இப்போது கோடையில் காலையிலேயே மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கம் ஓலைத்தட்டி இறக்கிவிடுகிறாள். திரைச்சீலையை உள்ளே போடுவதைவிடத் தட்டியை வெளியே போடுவது நல்லது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். தாம்பாளத்தில் சுண்டைக்காய் காயவைக்கிறாள். மழைக்குப் பால்கனி ஓரத்தில் ஒரு வாளி. மாடியில் இருக்கிற நாலு வீட்டுக்காரர்களை மின்வெட்டு நேரத்தில் மொட்டைமாடிக்கு வரச் சொல்லி, அங்கே ஒரு திண்ணையே உருவாகிவிட்டது.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். எல்லாம் செய்த பிறகும், வெயில் போய் மழை வந்த பிறகும், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு, சோர்வாகவே இருந்தால் அது வானிலையின் வேலை இல்லை. அதற்கு வத்தலும் மண்டியும் மருந்தாகாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை எங்கள் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், பால் கணக்குக்குப் பக்கத்தில்.